பனியில் சுழல்பவர்கள்

கேள்வி: ஏனுங்க, உலக ஃபிகர் ஸ்கேட்டிங் முடிவுகளைப் பார்த்தீங்களா? அந்தப் பட்டியல்ல நம்மாளுக பேரு எப்பங்க வரும்?
– வாசகர், பல்லடம்

பதில்: பார்த்தேனுங்க. 2025 மார்ச்சில் பாஸ்டனில் நடந்த போட்டியில் பெண்கள் தங்கம் அமெரிக்காவின் அலிசா லியூவுக்கு; 222.97 புள்ளிகள். 16 வயதிலேயே போதும் என்று ஓய்வு பெற்றவர், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து வென்றிருக்கிறார். நம் தலைவர்களும் ஓய்வை அறிவித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள்தான். ஆனால், அவர்கள் காற்றில் சுழல்வதோடு சரி, ஒற்றைக் காலில் தடுமாறாமல் இறங்கியதாகச் செய்தி இல்லை. ஆண்களில் தங்கம் இலியா மாலினினுக்கு, 318.56. நான்கு சுற்றுத் தாவல்களை அவர் போடுவதைப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றுகிறது.

நம்மாளுகளா? அதே ஆண்டு பிப்ரவரியில், ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் இந்தியாவின் தாரா பிரசாத் எட்டாவதாக வந்தார். பனித் தளங்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய நாட்டுக்கு அது பெரிய இடமுங்க. கோவையில் சித்திரை மாதத்து ஐஸ் கட்டி கரும்புச்சாறுக் கடையைத் தாண்டுவதில்லையே!

சக்கர ஸ்கேட்டிங்கில் கதை வேறு. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹேயில், நம் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 நொடியில் கடந்து உலக சாம்பியன் ஆனார். சக்கர ஸ்கேட்டிங்கிலும் சுழன்றாடும் கலைப் பிரிவு உண்டு. அதனால் பனிக்குக் காத்திருக்காமல் பிள்ளைக்குச் சக்கரம் வாங்கிக் கொடுங்க. கூடவே தலைக்கவசமும் முழங்கால் பட்டையும்!