விதைநெல்லை ஒரே குதிருல கொட்டாத சாமி

வாடா பேராண்டி, வந்து திண்ணையில உக்காரு. மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டி அப்பால வை. எருமைக்கே ரெண்டு கொம்புதான். ஒனக்கு ஹெல்மெட்டு மேல ஒரு கேமரா, நெஞ்சுல ஒரு கேமரா, வண்டிக் கைப்பிடியில ஒரு கேமரா. மங்கலம்பேட்டையில கெளம்பி காஷ்மீரு, அங்கேர்ந்து அசாமுன்னு பத்து மாசம் பைக்குல சுத்தப் போறியாமே, ஊரே பேசுது. கடைத்தெருவுக்கு டீ குடிக்கப் போனன். "ஒம் பேரன் வீடியோ எடுத்தே பெரியாளாவப் போறானாமே"ன்னு ஒருத்தன் கேட்டான். ஆமான்னு தலைய ஆட்டுனன். டீக்கு அவனே காசு குடுத்துட்டான். அந்த வகையில ஒன்னால எனக்கு இப்பவே வருமானம் ஆரம்பிச்சாச்சு.

போவாதன்னு சொல்ல வரல. சொன்னா மட்டும் நிக்கப் போறியா? ஒரே ஒரு சந்தேகம். எடுக்கறதையெல்லாம் எங்கடா வெப்ப?

"ஹார்டு டிஸ்க்குல வெப்பன் தாத்தா."

எத்தினி டிஸ்க்கு? "ஒண்ணு." அது எங்க இருக்கும்? "பைக்குப் பொட்டியில." கேமரா? "அதுவும் அதே பொட்டியில." நல்லது சாமி, ரொம்ப நல்லது. திருட வரவனுக்கு ஒரு நடை மிச்சம். அடுத்தவன் சிரமம் பாக்கற புள்ளையா வளந்திருக்க.

சிதம்பரத்துல படிக்கறாளே ஒந் தங்கச்சி, அவகிட்ட கணக்குக் கேட்டன். போன்ல 4கே-ன்னு ஒண்ணு இருக்காமே, அதுல ஒரு நிமிசம் எடுத்தா கிட்டத்தட்ட 170 எம்பி திங்குமாம். ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. நீ மூணு கேமரா மாட்டிக்கிட்டு ஒரு நாளைக்கி எல்லாம் சேத்து அஞ்சு மணி நேரம் எடுத்தாலே 50 ஜிபி. பத்து மாசம், முந்நூறு நாளுக்கு 15,000 ஜிபி. அதுக்குப் பேரு 15 டெராபைட்டாம். எங்க காலத்துல நெல்லுக்குக் கலம், மரக்கா, மூட்டைன்னு கணக்கு வெச்சிருந்தம். நீ அறுவடைய மட்டும் கணக்குப் போட்டுருக்க, குதிரக் கணக்குப் போடல.

"ராத்திரி லாட்ஜு வைஃபையில ஏத்திடுவன்"னு வாயெடுக்காத. அதையும் கேட்டுட்டன். மேல ஏத்தற வேகம் 10 எம்பிபிஎஸ்னு வெச்சுக்கிட்டாலும் 50 ஜிபி ஏற 11 மணி நேரம் ஆவும். ஒம்போது மணிக்குப் படுத்தவன் காலையில எட்டு மணி வரைக்கும் கட்டிலவிட்டு எழுந்திரிக்கக் கூடாது. அது ஒன்னால முடியும், அத நான் மறுக்கல. ஆனா லாட்ஜுல எட்டு மணி வரைக்கும் கரண்டு நிக்கணுமே? கூகுளு சும்மா குடுக்கற எடம் 15 ஜிபிதான். அதுலயும் ஒன் கடுதாசிங்க பாதிய அடைச்சிக்கிட்டு நிக்கிது.

சரி, ஒன் வயசுக்காரன் ஒருத்தன் கதைய சொல்றன். கோட்டையூர்க்காரரு, ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2, நியூயார்க்குலேர்ந்து டப்ளினுக்குக் கப்பல்ல போறாரு. அன்னைக்கிக் காந்தி பொறந்த நாளு. காந்தியப் பத்தி ஒரு படம் எடுத்தா என்னன்னு அந்தக் கப்பல்ல தோணுது. அப்ப அவருக்கு இருவத்தாறுகூட நெறையல. டோக்கியோவுலயும் நியூயார்க்குலயும் போட்டோப் பிடிக்கக் கத்துக்கிட்ட மனுசன். ஆனா காந்தியோட பழைய காலத்த இவரு போயி எடுக்க முடியுமா? யார் யாரோ எந்தெந்த நாட்டுலயோ எடுத்து வெச்சதத் தேடிப் போனாரு. ஒரு லட்சம் மைலு சுத்துனாருன்னு சொல்றாங்க. சேந்தது 50,000 அடி பிலிமு.

அடின்னதும் கொல்லை அளக்கறமாதிரி நெனைக்காத. சினிமா பிலிமு இப்ப ஓடுற வேகத்துல நிமிசத்துக்கு 90 அடி. 50,000 அடின்னா ஒம்போதே கால் மணி நேரம். உலகத்தையே சுத்தி வந்தவருகிட்ட அவ்வளவுதான். நீ போன வாரம் உளுந்தூர்பேட்டை போயிட்டு வந்ததே ரெண்டு மணி நேரம் வெச்சிருக்க. அதுல ஒண்ணே முக்கா மணி நேரம் முன்னாடி போன கரும்பு லாரியோட பின்பக்கம்.

அந்த 50,000 அடிய அவரு அப்படியே காட்டல. 12,000 அடியாக் கழிச்சாரு. நாலுல ஒண்ணுகூட மிஞ்சல, ரெண்டேகால் மணி நேரத்துக்குக் கிட்ட. 1940 ஆகஸ்டுல மெட்ராஸ்ல தமிழ்ல ஓடிச்சி. பின்னால தெலுங்கு, இந்தின்னு போயி, 1953-ல அமெரிக்காவுல இங்கிலீசுலயும் ஒரு படமா வந்திச்சி. அந்தக் காலத்துப் பிலிமு நைட்ரேட்டுடா. பத்திக்கிச்சின்னா தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது. வெள்ளக்காரன் ஆட்சி ஒரு பக்கம், சண்டை நடக்கற கடலு ஒரு பக்கம், வெடிமருந்து மாதிரி பிலிமு ஒரு பக்கம். ஒனக்கு சார்ஜர் வயரு அறுந்ததுக்கே சோறு எறங்கல.

இப்ப கவனி. தமிழ்நாட்டுக்காரரு எடுத்துத் தமிழ்நாட்டுல ஓட்டுன படம், இங்கதான காப்பாத்தி வெச்சிருக்கணும்? ரொம்ப நாளா அந்தப் படம் ஒருத்தர் கண்ணுலயும் படல. ஆ.இரா. வேங்கடாசலபதின்னு ஆராய்ச்சிக்காரரு, செட்டியாரு எழுதுனதையெல்லாம் தேடித் தொகுத்தவரு, அலைஞ்சி திரிஞ்சி கடைசியில எங்க கண்டுபுடிச்சாருங்கற? சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பல்கலைக்கழகத்துல. அதுவும் அந்த 1953 இங்கிலீசுப் படத்தோட சுருக்கம். கடலத் தாண்டிப் போயி, யாரு வீட்டு அலமாரியிலயோ கெடந்த காப்பிதான் மிஞ்சிச்சி. காளிதாஸ், 1931-ல வந்த மொதத் தமிழ்ப் பேசும் படம், அதுல இன்னைக்கிப் பாக்க ஒரு காப்பிகூட இல்ல. எடுத்தவன் மறந்தாலும் அசலூர்க்காரன் வெச்சிருப்பான்ங்கற கொடுப்பினை எல்லாப் படத்துக்கும் வாய்க்காது.

இது சினிமா கதை, எனக்கெதுக்குன்னு மொணவாத. நம்ம ஜில்லாக் கதைக்கே வரன். சிதம்பரம் கோயிலுக்கு எத்தினி தடவ போயிருக்க? போன தடவ வாசல்ல நின்னு செல்ஃபி எடுத்துட்டு, "செல்ஃபோனு உள்ள விட மாட்டாங்க"ன்னு அங்கேர்ந்தே கும்புட்டு வந்த புள்ளைதான நீ. அந்தக் கோயிலுக்குள்ளதான் தேவாரச் சுவடி மொத்தத்தையும் ஒரு அறையில வெச்சிப் பூட்டியிருந்தாங்கன்னு திருமுறைகண்ட புராணம் சொல்லுது. ராஜராஜ சோழன் தேடிக்கிட்டு வரான். கூட திருநாரையூரு நம்பியாண்டார் நம்பி. திருநாரையூர் எங்க இருக்கு? காட்டுமன்னார்கோயிலு பக்கந்தான். தீட்சிதருங்க சொன்னாங்களாம், "அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூணு பேரு கையடையாளம் வெச்சிப் பூட்டுனது, அவங்க மூணு பேரும் வந்தாதான் தொறப்போம்"னு. பாத்தியாடா? பாஸ்வேர்டு போட்டவங்க மூணு பேரும் போயி எத்தினியோ தலைமுறை ஆச்சி. ராஜா மட்டும் லேசுப்பட்ட ஆளா? மூணு பேரு சிலையையும் ஊர்வலமாக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டான். "இந்தா, வந்துட்டாங்க, தொற."

தொறந்தா, சுவடிய மூடிக்கிட்டுப் புத்து. எண்ணெய ஊத்திக் கரையான அப்புறப்படுத்தி எடுத்ததுல, மிச்சம் இருந்ததுதான் நமக்கு இன்னைக்கி இருக்கறது. பத்திரமா வெச்சம், பத்திரமா வெச்சம்னு பூட்டுனதுல கரையானு மட்டுந்தான் பத்திரமா இருந்துச்சி.

இன்னும் இருக்கு. ஓலை கெடைச்சிது, எந்தப் பண்ணுல பாடுறதுன்னு தெரியல. எங்க போனாங்க? எருக்கத்தம்புலியூரு. இப்ப ராஜேந்திரப்பட்டினம்னு போர்டு போட்டிருக்கே, விருத்தாசலத்துலேர்ந்து ஜெயங்கொண்டம் ரோட்டுல. அங்க திருநீலகண்ட யாழ்ப்பாணர் வம்சத்துல ஒரு பொம்பளைக்குப் பண்ணு தெரிஞ்சிருந்துச்சின்னு, அந்தம்மாகிட்ட கேட்டுதான் வகுத்தாங்களாம். பூட்டி வெச்ச அறையில பாதி போச்சி. ஒருத்தி தொண்டையில கெடந்தது பொழைச்சிது. அவ தெனமும் பாடியிருப்பா, புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருப்பா. காப்பி போட்டுக்கிட்டே இருந்திருக்கா, அவ்வளவுதான்.

ராஜா கதையும் செட்டியாரு கதையும் சொல்றியே, ஒன் யோக்கியத என்னன்னு கேக்கறியா? கேளு. 1993-ல ஒங்க அத்தை கல்யாணத்த கேசட்டுல புடிச்சம். ஒங்க ஆயா அதுல நலங்குப் பாட்டு பாடுனா. சின்ன வயசுக் கொரலு, வளையல் சத்தத்தோட. நான் வெவரமான ஆளாச்சே, ஒண்ணுக்கு ரெண்டு காப்பி போட்டு வாங்குனன். வாங்கி என்ன பண்ணன்? ரெண்டையும் ஒரே ட்ரங்குப் பொட்டியில வெச்சன். பட்டுப்பொடவைக்கு நடுவுல, அந்துருண்டை போட்டு. 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட படுத்திருந்திச்சி. நம்ம வீட்டு ஓடு பறந்து, விடிய விடிய பெஞ்ச மழை பொட்டிக்குள்ள பூந்துடுச்சி. பொடவைய வெயில்ல காய வெச்சன். கேசட்ட மறந்துட்டன். ஆறு மாசம் கழிச்சி எடுத்தா, ரெண்டுலயும் வெள்ளப் பூஞ்சை. ஒரே பொட்டியில ரெண்டு காப்பி வெச்சா அது ரெண்டு காப்பி இல்லடா, ஒரு காப்பிதான். அத நான் கத்துக்கறதுக்கு ஒரு புயலு வர வேண்டியிருந்திச்சி.

ஆவ, கெழவன் ஒளறலா வெச்சிக்க, கெழவன் உத்தரவா வெச்சிக்க, இந்தா:

ஒண்ணு, பொலி தூத்து. களத்துல அடிச்ச நெல்லக் கருக்காவோட மூட்டை கட்டுவியா? ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒக்காந்து கழி. லாரிப் பின்பக்கம், மூடி போட்டபடியே எடுத்தது, காத்து சத்தம் மட்டும் கேக்கறது, எல்லாம் கருக்கா. செட்டியாரு கழிச்சத நெனச்சிக்க. 15 டெராபைட்டு நாலு டெராபைட்டாவும். ஒன் பர்ஸ்சும் பொழைக்கும், பாக்கறவனும் பொழைப்பான். மிஞ்சினதுக்குத் தேதியும் ஊரும் போட்டுப் பேரு வை. வெறும் நம்பரா வெச்சா, அடுத்த வருசம் குல்லு எது, குன்னூரு எதுன்னு ஒனக்கே தெரியாது.

ரெண்டு, டிஸ்க்கு ரெண்டு. ரெண்டுலயும் ஒரே சரக்கு. ஒண்ணு வண்டியில, இன்னொண்ணு ஒன் முதுகுப் பையில. சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் பை ஒன்னோட வரணும். ரெண்டுலயும் ஏறிச்சின்னு கண்ணால பாக்கற வரைக்கும் கேமரா கார்ட அழிக்காத. கார்டு என்ன வெலை விக்கிதுன்னு பாக்காத. கூட நாலு வாங்கிக்க. சுத்தற டிஸ்க்கு குலுங்கற வண்டிக்கு ஆவாது, எஸ்எஸ்டி வாங்கு, அதுக்குள்ள சுத்தற சாமானே கெடையாதாம்.

மூணு, மூணாவது காப்பி ஒங்கூட வரவே கூடாது. மாசத்துக்கு ஒரு தடவ, கழிச்சி வெச்சத ஒரு சின்ன டிஸ்க்குல போட்டு, பொட்டலம் கட்டி, ஸ்பீடு போஸ்டுல அனுப்பு. எனக்கு இல்ல, எனக்கு அனுப்புனா ட்ரங்குப் பொட்டியில வெச்சிடுவன். சிதம்பரத்துக்கு ஒந் தங்கச்சிக்கு அனுப்பு. பாஸ்வேர்டயும் அவகிட்ட சொல்லி வை. ஒனக்கு சிலை செஞ்சி ஊர்வலமாக் கொண்டாந்து தொறக்க எங்களுக்கு வசதி இல்ல.

நாலு, வெதைய வெயிலும் கெடுக்கும், ஈரமும் கெடுக்கும். துவரைக்குச் செம்மண்ணு கட்டி வெப்பம், ஏன் தெரியுமா? வண்டுக்கும் ஈரத்துக்கும் வழி உடக் கூடாதுன்னுதான். கத்திரி வெயில்ல வண்டிப் பொட்டிக்குள்ள கைய வெச்சிப் பாரு, அப்பளம் பொரியும். அதுல டிஸ்க்க வெச்சிட்டுச் சோறு திங்கப் போவாத. மேல லடாக்குல வேற மாதிரி. குளுருல பேட்டரி சீக்கிரம் செத்துடும், சட்டைக்குள்ள ஒடம்புச் சூட்டுல வை. பனியிலேர்ந்து சூடான ரூமுக்குள்ள வந்ததும் கேமராவத் தொறக்காத, வேர்த்துடும். பைக்குள்ளயே மூடி வெச்சி, அது ரூமு சூட்டுக்கு வந்தப்பறம் எடு.

அஞ்சு, வெச்சதத் தொறந்து பாரு. குதிருல கொட்டுன வெதைய நடுவுல ஒரு தடவ எடுத்துக் காய வெக்காதவன், நாத்து உட்டப்பறம் தலையில கை வெப்பான். மாசா மாசம் ரெண்டு டிஸ்க்கையும் ஓட்டிப் பாரு. ஓடுதா? சரி. இல்லியா? இன்னொரு காப்பி இருக்கறப்பவே தெரிஞ்சிக்கிட்டியே, பாக்கியசாலி.

என்னடா சிரிக்கற? "இதுக்கெல்லாம் எங்க தாத்தா நேரம், நாளைக்கி விடிகாலம் கெளம்பணும்"கறியா? கெளம்பு. ஆனா ஒத்திகை பாக்காத கூத்து மேடையேறாது. இன்னைக்கே ஒண்ணு எடுத்து, மூணு எடத்துல வெச்சி, மூணும் ஓடுதான்னு காட்டிட்டுப் போ.

என்னத்த எடுக்கறதா? அடுப்படியில ஒங்க ஆயா இருக்கா. நலங்குப் பாட்டு அவளுக்கு இன்னும் பாதிக்கு மேல ஞாபகம் இருக்கு. ராத்திரி நான் தூங்கறதா நெனச்சி முணுமுணுப்பா, கேட்டிருக்கன். நான் கேட்டா, "கெழட்டு வயசுல இன்னும் நலங்கு கேக்குதா?"ன்னு கரண்டியத் தூக்குவா. நீ கேட்டா பாடுவா. முந்தாநேத்து வாங்கியாந்த வெத்தலை மாடத்துல இருக்கு, அதக் கொண்டுபோயிக் குடுத்துட்டு மெதுவாப் பேச்சுக் குடு. தலையில கொம்போட உள்ள போவாத, பயந்துடுவா. போன் ஒண்ணு போதும், வெளிச்சம் அவ மூஞ்சில படற மாதிரி ஒக்கார வை.

நான் அனுப்புனன்னு மட்டும் சொல்லிடாத.