மணியாச்சி: காத்திருப்போர் கவனத்திற்கு

மதுரைப் பக்கமிருந்து ஒற்றுமையாக வரும் தண்டவாளங்கள் சொத்துத் தகராறு வந்ததுபோலப் பிரிந்து, ஒன்று தூத்துக்குடிக்கும் மற்றொன்று திருநெல்வேலிக்கும் போகிற இடம் மணியாச்சி. சுற்றிலும் கரிசல் காடு. நடுவில், ‘ஜங்ஷன்’ என்ற கனத்த பட்டத்தைச் சுமந்துகொண்டு ஒரு சின்ன ஸ்டேஷன்.

பட்டம் கொடுத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர் கேஜ் திறந்தபோது கம்பெனியின் கண்ணெல்லாம் துறைமுகத்தின் மேலேயே இருந்தது. பருத்தி கப்பலேற வேண்டும், கொழும்புக்கு ஆள் போக வேண்டும். ஜில்லாவின் தலைநகரான திருநெல்வேலிக்குக் கிளைப் பாதை போதும் என்று முடிவாயிற்று. ஆகவே கலெக்டரே ஆனாலும் வடக்கே போக நினைத்தால் மணியாச்சிக்கு வந்து காத்துக் கிடக்கத்தான் வேண்டும். பயணிகளுக்கு இந்த ஸ்டேஷன் அன்று முதல் குறைவில்லாமல் வழங்கிவரும் ஒரே வசதி இந்தக் காத்திருப்புதான்.

போணியே பெரிய இடத்துப் போணி. பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன்பே, 1875 டிசம்பரில், விக்டோரியா ராணியின் மூத்த மகன் எட்வர்ட் இலங்கையிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்திறங்கி, மதுரைக்கு ரயிலேறினார். வழியில் மணியாச்சியில் அவருக்கு வரவேற்பு. ஆயிரக்கணக்கான நாட்டுக் கிறிஸ்தவர்களைத் திரட்டிக்கொண்டு பாதிரிமார்களான கால்டுவெல்லும் சார்ஜெண்டும் காத்திருந்தார்கள். திராவிட மொழிகளுக்கே ஒப்பிலக்கணம் எழுதி உலகத்தை வாயடைக்க வைத்த கால்டுவெல்லையும் ‘வண்டி எப்போ வரும்?’ என்று பார்க்க வைத்த பெருமை இந்தப் பொட்டலுக்கு உண்டு.

பாதை திறந்த வருஷமே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. இளவரசர் வந்த அதே தண்டவாளத்தில், எதிர்த்திசையில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் போனார்கள். அவர்களுக்கு யாரும் வரவேற்புப் பத்திரம் வாசிக்கவில்லை.

பிறகு 1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். காலை 10.38-க்கு அவருடைய வண்டி மணியாச்சியில் நின்றது. கொழும்புக் கப்பலோடு இணைந்து தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்கு 10.48. இடையில் பத்து நிமிடம். ரயில்வே அட்டவணை போட்ட புண்ணியவான் அந்தப் பத்து நிமிடத்தைச் சாதாரணமாகத்தான் விட்டிருப்பார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்று ஜில்லாவே பேசிக்கொண்டிருந்த காலம் அது. செங்கோட்டை வாஞ்சிநாதன், வயது இருபத்தைந்து, திருவாங்கூரில் வனத்துறை வேலை, முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி பிரவுனிங் பிஸ்டலால் ஆஷைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் புகுந்து, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

எத்தனையோ பெரிய ஜங்ஷன்களின் கழிப்பறைகள் புகார்ப் புத்தகத்தோடு நின்றுவிட்டன. மணியாச்சிக் கழிப்பறை சரித்திரப் புத்தகத்தில் ஏறிவிட்டது. வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதமும் ஏறியது. ஐந்து நாளில் லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜை அதில் கண்டபடி ஏசியிருந்தார். கூடவே சனாதன தர்மத்தைக் காப்பதைப் பற்றியும் எழுதியிருந்தார். முதல் பாதியை ரசிக்கிறவர்கள் இரண்டாம் பாதியை மெல்ல மடித்து வைக்கிறார்கள். இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் முதல் பாதியைக் காட்டுவதில்லை. முழுக் கடிதத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டுச் சண்டை போட்டால் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆஷுக்குத் தூத்துக்குடியில் மண்டபம், பாளையங்கோட்டையில் கல்லறை. வாஞ்சிக்கு, சுதந்திரம் வந்து பல காலம் கழித்து, ஸ்டேஷன் பலகை. வாஞ்சி மணியாச்சி என்று பெயர் மாறியது. ரயில்வேயின் சுருக்கெழுத்து மட்டும் எம்.இ.ஜே. என்றே நிற்கிறது. கம்ப்யூட்டருக்கு வாஞ்சியைத் தெரியாது.

உண்மையில் மணியாச்சியின் ஜம்பத்தை உடைத்தது புரட்சியல்ல, பாலம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் தாவிவிட்டது. கொழும்புக்குப் போகும் துரைமார்கள் அதன்பின் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஸ்டேஷன் பிழைப்பு நடத்தியது. நடுராத்திரியில் ‘டமார்’ என்று பெட்டி இடித்து, மேல் பெர்த்தில் இருப்பவர் விழித்தால், அது மணியாச்சி என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட முடிந்தது.

மீட்டர் கேஜ் போய்விட்டது, இரட்டைப் பாதை வந்துவிட்டது. 2023-இல் ஓடத் தொடங்கிய நெல்லை வந்தே பாரத் இங்கே நிற்பதில்லை. வரலாறு தெரிந்த வண்டி என்று நினைக்கிறேன். மணியாச்சியில் பத்து நிமிடம் நிற்பது ஆபத்து.

ஆனால் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வண்டி தப்பிக்க முடியாது. இரண்டு பாதையும் ஒரே பக்கமாக வந்து சேர்வதால், இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, வந்த திசையிலேயே திரும்பக் கிளம்ப வேண்டும். புதிதாக வருகிறவர் பதறிப்போய் எழுந்து நிற்பார்.

“அண்ணாச்சி, வண்டி திரும்பத் தூத்துக்குடிக்கே போகுதே!”

“அதெல்லாம் போகாது. எதிர்ச் சீட்டுல மாறி உக்காரும்.”