எஞ்சினை இறக்கணுமா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் என் பழைய டீசல் ஜீப் சூடாகி நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்புகிறது. கிராங்க் சென்சாராம். கைக்கு எட்டாத இடமாம், எஞ்சினையே இறக்கணுமாமே?
— வாசகர், மஞ்சக்குட்டை

எஞ்சின் இருக்கட்டும், முதலில் மெக்கானிக்கை இறக்குங்கள், வண்டிக்கு அடியில்! பல வண்டிகளில் அந்த சென்சார் ஃப்ளைவீல் ஓரமாக ஒரே ஒரு போல்ட்டில்தான் நிற்கும்.

ஆனால் மாற்றும் முன், நின்ற இடத்திலேயே சூட்டோடு சூடாக மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு ஒயர் சென்சார், ஓம் எதுவும் காட்டவில்லை என்றால் உள்ளே காயில் அறுந்திருக்கிறது. ஆறிய பிறகு சோதித்தால் நல்ல பிள்ளையாக நடிக்கும். (மூன்று ஒயர் என்றால் இந்தச் சோதனை செல்லாது.)

ஒருவேளை அது தாத்தா காலத்து ஜீப்பா? அதில் சென்சாரே கிடையாது. டீசல் ஃபில்டரைப் பாருங்கள்.