பூமியைச் சூடாக்கியது நீங்கள்தான்

உலகைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகம் வேண்டாம், எண்ணெய் கம்பெனியே சொல்லிவிட்டது. 2004-இல் பி.பி. என்ற பிரிட்டிஷ் நிறுவனம் பெரிய மனதோடு தன் இணையதளத்தில் ஒரு கணிப்பானை வைத்தது. உங்கள் வீட்டு விவரம், பயண விவரமெல்லாம் ஒப்புக்கொண்டால், பூமிக்கு நீங்கள் செய்த பாவம் எத்தனை டன் என்று சொல்லிவிடும். அந்தப் பாவக் கணக்குக்குப் பெயர் ‘கார்பன் தடம்’. அந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பிய பெருமையில் பெரும்பங்கு இவர்களுக்கே. சாராயக் கடைக்காரரே வாசலில் நின்று, “அளவா குடிங்கண்ணே” என்று ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டினால் நெகிழ மாட்டோமா?

நாமும் திருந்தினோம். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துத் தயிர்க் கிண்ணம் தேடும் அரை நிமிடம்கூட இப்போது உறுத்துகிறது. எளிய வாழ்க்கைக்கென்று மூங்கில் பிரஷ், செம்பு பாட்டில், துணிப்பை எல்லாம் ஆன்லைனில் வாங்கினோம். தனித்தனி அட்டைப்பெட்டியில், தனித்தனி வண்டியில் வந்தன. பழைய பிரஷ் நன்றாகத்தான் இருந்தது. மனசாட்சி கேட்கவில்லை, எறிந்துவிட்டோம்.

2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் அதே நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு வெடித்து, 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் சுமார் 49 லட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 159 லிட்டர். அதையெல்லாம் அந்தக் கணிப்பானில் போட முடியாது. அது வீட்டுக் கணக்குக்கு மட்டும்.

ஆகவே, படுக்கப் போகுமுன் ஹால் லைட்டை மறக்காமல் அணைத்துவிடுங்கள். பாவம், அவர்கள் மட்டும் எவ்வளவுதான் செய்வார்கள்?