நல்ல மீன் கேட்கிறவர்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்தச் சரக்குப்பெட்டக நிலையத்துக்குப் போனாலும், ஏசி ஒழுங்காக ஓடும் ஒரே அறையில் இவர் உட்கார்ந்திருப்பார். யார்டில் ‘சாஃப்ட்வேர் சார்’ என்பார்கள். வயது முப்பதுக்குள். பெட்டியைக் கையால் தொட்டதில்லை. பெட்டிக்குப் புதுப்புதுக் குணம் கண்டுபிடிப்பதில் மட்டும் இவரை மிஞ்ச ஆளில்லை.

டேட்டாபேஸ் டேபிளில் இருப்பது பெட்டி எண், இருபது அடியா நாற்பது அடியா, இறங்கிய தேதி, வெளியேறிய தேதி, அவ்வளவுதான். சாருக்குப் போதாது. சி ஷார்ப் கிளாஸில் சொந்தமாக ஒரு பிராப்பர்ட்டி சேர்ப்பார்: ‘தேங்கியது’. இறங்கி 30 நாள் தாண்டியும் நகராத பெட்டி என்று பொருள். 1962 சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி அப்படிக் கிடக்கும் சரக்கை நோட்டீஸ் கொடுத்து, அதிகாரி அனுமதியோடு விற்கலாம். ஆக, குணம் நல்ல குணம்தான். அதை அப்படியே தூக்கி, சி ஷார்ப்பிலிருந்து டேட்டாபேஸைக் கேட்கும் லின்க் கேள்வியின் ‘வேர்’ உள்ளே வைக்கிறாரே (மரத்து வேர் இல்லை, வடிகட்டும் வேர்), அங்கேதான் சனி பிடிக்கிறது. அதற்குள் எழுதுவது எஸ்கியூஎல்லாக மாறி டேட்டாபேஸுக்குப் போயாக வேண்டும். ‘தேங்கியது’ என்று டேபிளில் ஒரு நெடுவரிசை கிடையாது. கணக்கு சாரின் கிளாஸுக்குள் ஒளிந்திருக்கிறது. கேள்வியை எஸ்கியூஎல்லாக மாற்றித் தரும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கையை விரித்துவிடும்.

“டேட்டாபேஸுக்கு மூளையே இல்லண்ணே” என்பார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலும் இதே ஆள்தான். “யக்கா, நல்ல மீனா ஒரு கிலோ போடு.”

“நல்ல மீனுன்னு ஒரு மீனு கடல்லயே இல்ல நைனா. வஞ்சிரமா, சங்கராவா? செவுளு செவப்பா பாக்குறியா, கண்ணு தெளிவா பாக்குறியா? அத்த சொல்லு.”

இந்தப் பிழையை இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் விளக்கி நான் படித்ததில்லை. சார் மீனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவருக்குக் கிடைத்த குறுக்கு வழி டூலிஸ்ட். வேருக்கு முன்னால் அதைப் போட்டால் பிழை மறைந்துவிடும். ஏன் மறையாது? நிலையம் திறந்த நாளிலிருந்து வந்த அத்தனை பெட்டியும் புரோகிராமின் நினைவகத்தில் வந்து இறங்கும். அப்புறம் சார் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். ராயபுரம் ஜீரோ கேட்டில் நிற்கும் டிரெய்லரை எல்லாம் உள்ளே விட்டுவிட்டு, அதற்குப் பிறகு கேட் பாஸ் கேட்கிற கதை. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரின் பழைய பதிப்புகள் இந்தக் காரியத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் தாங்களே செய்துகொண்டிருந்தன. 2019-இல் வந்த 3.0 அந்தச் செல்லத்தை நிறுத்தி, முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னது. அந்தப் பொற்காலத்தை நினைத்துச் சார் இன்னும் பெருமூச்சு விடுகிறார்.

இந்த விஷயத்தில் பெட்டிகளே சாரைவிடக் கெட்டி. கதவில் நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாக ஒன்று. அந்தக் கடைசி இலக்கம் முன்னுள்ள பத்தையும் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்து எடுப்பது. எண்ணைத் தப்பாக எழுதினால் காட்டிக்கொடுக்கும். கணக்கில் வருவதுதானே என்று விட்டுவிடாமல், ஐஎஸ்ஓ 6346 அதையும் கதவிலேயே எழுதச் சொல்கிறது. கேட்டில் தேவைப்படுவது கதவில் இருக்க வேண்டும்.

சாருக்கு மருந்து ஒரே வரி: இறங்கிய தேதி இன்றைக்கு 30 நாளுக்கு முந்தையது, வெளியேறிய தேதி காலி. இரண்டும் டேபிளில் உள்ளவை. எழுதிக் கொடுத்தேன், போட்டார், டீ ஆறுவதற்குள் பட்டியல் வந்தது.

போன வாரம் புதிதாக ஒரு பிராப்பர்ட்டி முளைத்திருக்கிறது: ‘அவசரம்’. எந்தப் பெட்டி அவசரம், எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“பார்த்தாலே தெரியும்ணே” என்றார்.