விடியல் விரும்பி

குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டுக்குள் இருக்கும் திக்கால் என்ற மாயர் நகரத்துக்கு எத்தனையோ ரகத்தில் ஆட்கள் வருகிறார்கள். வேற்றுக்கிரகவாசியின் கைரேகையைத் தேடுபவர் உண்டு. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பார்த்த இடம் இதுதானா என்று சரிபார்ப்பவரும் உண்டு. விடியல் விரும்பி மட்டும் தனிப்பிறவி.

பூங்கா ஆறு மணிக்குத் திறக்கும். அதற்கு முன்னால் நுழையத் தனிச்சீட்டு வாங்கியவர் இவர். சூரியனையே முன்பதிவு செய்துவிட்ட மிதப்பு நடையில் தெரியும். இருட்டில் போகும்போது காடே அதிர ஓர் உறுமல். "ஜாகுவாரா?" என்று வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொள்வார்.

"குரங்குங்க ஐயா, ஊளைக்குரங்கு."

"தெரியும், சும்மா கேட்டேன்" என்பார். கையை விடமாட்டார்.

நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம். மூச்சிரைக்க மரப்படிகளில் ஏறி, கிழக்கே பார்த்து உட்கார்ந்ததும் செல்போனைத் திறப்பார். அதில் ஒரு படம்: செக்கச்சிவந்த வானம், மரங்களுக்கு மேலே கோபுர உச்சிகள். அதை நேரில் ஒத்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். எதிரே இருப்பதோ வெறும் வெள்ளை. பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், எனவே கடைசிப் படிவரை கேட்கும் ரகசியக் குரலில், "எப்பங்க விலகும்?" என்பார். வராத பஸ்ஸைப் பற்றி டைம்கீப்பரிடம் விசாரிக்கும் தொனி.

"மழைக்காடுங்க ஐயா. பனி அதும்பாட்டுக்கு வரும், போகும்."

வழிகாட்டி பாவம், பேச்சை மாற்றுவார். கோயில் எழுந்தது கி.பி. 741 வாக்கில், யிகின் சான் கவீல் என்ற அரசர் காலத்தில். இரும்புக் கருவி கிடையாது, பாரம் இழுக்க மாடு, குதிரை கிடையாது. வாசல் உத்தரங்கள் சப்போட்டா மரம். (நாம் பழம் தின்னும் அதே சப்போட்டாதான், பூர்விகம் இந்தப் பக்கம்.) சித்திர வேலை செய்த அந்த உத்தரங்கள் இப்போது சுவிட்சர்லாந்தில், பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

"பேசாம அங்கேயே போயிருக்கலாம்" என்பார் விடியல் விரும்பி.

வெயில் ஏறியபின் பனி கிழிந்து, கோயில் உச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவர் அப்போது கீழே கறுப்பு பீன்ஸும் முட்டையும் சோளரொட்டியுமாக உட்கார்ந்து, டிப்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். வழிகாட்டி அனுபவசாலி. மெதுவாகத் தன் போனை நீட்டுவார். "போன மார்ச்சில எடுத்ததுங்க. வேணுமா? நிறையப் பேர் வாங்கிக்குவாங்க."

செக்கச்சிவந்த வானம். டிப்ஸ் தாராளமாகக் கைமாறும். மதியத்துக்குள் அவருடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் படம் போய்விடும். "இதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்" என்று கூடவே ஒரு வரியும்.