ஸ்காபரோ வீடுகளில் கறிவேப்பிலைச் சாடியின் பனிக்கால அதிகாரம்: ஓர் ஆய்வு

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், தமிழர் வீட்டு ஹோலில் தெற்குப் பார்த்த ஜன்னலோரம் யாருக்கு உரியது என்பது அறிஞர் எவரும் இதுவரை தொடாத பொருள். வீட்டுக்கு மூத்தவருக்கு என்பது பழைய கொள்கை. படிக்கிற பிள்ளைக்கு என்பது புதியவர்கள் வாதம். கள நிலவரம் இரண்டையும் மறுக்கிறது. ஒக்டோபரிலிருந்து மே வரை அந்த இடம் கறிவேப்பிலைச் சாடிக்கு.

தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கேனிக் (1728–1785) என்பவரின் நினைவைத் தாவரவியல் பெயரில் சுமக்கும் இச்செடி, எலுமிச்சை, வில்வம் இவற்றின் இனசனம். குளிரில் இலையைக் கொட்டும். உறைபனி பட்டால் கருகிப்போகும். யாழ்ப்பாணம் 9.7 பாகை அகலாங்கில் இருக்கிறது, ரொறன்ரோ 43.7இல். இடையிலுள்ள 34 பாகையை ஒரு கண்ணாடி ஜன்னல் சரிக்கட்ட வேண்டும். டிசெம்பர் கடைசியில் பகல் 9 மணிநேரம்கூட இல்லை. ஆகவே சோபா நகர்கிறது. அதிலிருந்த தாத்தாவும் நகர்கிறார்.

பின்வளவில் கிடக்கும் உள்ளிப்பூண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒக்டோபரில் பல்லுப் பல்லாகப் புதைத்துவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதுவும் கோபிப்பதில்லை. குளிர் பட்டால்தான் அது பல்லாகப் பிரியும். படாவிட்டால் ஒற்றைக் குமிழாக நின்றுவிடும். ஸ்நோவுக்குள் காற்று அடைபட்டிருப்பதால், அது தடிப்பாகக் கிடந்தால் வெளியே மைனஸ் 20 என்றாலும் அடியில் மண் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். டிரைவ்வேயில் வாரியதை அப்படியே பாத்தியில் கொட்டும் தகப்பன்மாரை மட்டும் இவ்விடத்தில் கண்டிக்கிறோம். அதில் உப்பு இருக்கிறது, ஐயா.

இனி, கறிவேப்பிலையின் இலையுதிர்வுச் சிக்கல். ‘தண்ணி காணாது’ என்பது அம்மம்மா கட்சி. ‘தண்ணி கூடிப்போச்சு’ என்பது மருமகன் கட்சி. விஞ்ஞானம் மருமகன் பக்கம்: வெளிச்சம் குறைய வளர்ச்சி அடங்கும், அந்த நேரத்தில் ஊற்ற ஊற்ற வேர் அழுகும். ஆனால் விஞ்ஞானம் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை, மருமகன் சாப்பிடுகிறார். ஆகையால் அரிசி கழுவின தண்ணீரும் புளித்த மோரும் தடையின்றித் தொடர்கின்றன.

ஃபேர்னஸ் காற்று வீட்டை உலர்த்தியதும் செஞ்சிலந்தி வரும். இலையின் மேற்புறம் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகள். கீழே, காம்பு பிரியும் மூலையில், விரலில் ஒட்டிய பிறகே தெரியும் மெல்லிய வலை. உடனே சாடியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய், மண்ணைப் பொலித்தீன் பையால் கட்டி, ஷவரைத் திறந்து, இலை இலையாக அடிப்பக்கம் தேய்த்துக் கழுவுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது என்று பிள்ளை கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வரும் பதில்: “பொறு ராசா, கறிவேப்பிலை குளிக்குது.”

கடையில் ஓரிரு டாலருக்கு ஒரு கட்டு வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்குகிறார்கள். குழம்புக்குக் கடை இலைதான். சாடியிலிருந்து பிடுங்க அம்மம்மாவின் அனுமதி வேண்டும். அது விருந்தினர் வரும் நாளில், ஒரு நெட்டுக்கு மட்டும், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வழங்கப்படும்.

உறைபனிக்குப் பயந்து விக்டோரியா நாளுக்கு, அதாவது மே 25க்கு முந்திய திங்களுக்கு, முன்பு சாடி வெளியே போவதில்லை. அதற்குள் வேரடியில் ஒரு பக்கக்கன்று தலைநீட்டிவிட்டால் வாரிசுரிமைப் பிரச்சினை தொடங்கும். நாம் கவனித்த குடும்பமொன்றில் இரண்டு மகள்மாரும் கேட்டார்கள். மூத்தவருக்குக் கிடைத்தது. இளையவர் வீட்டு ஹோல் ஜன்னல் வடக்குப் பார்த்தது என்று மறுப்புக்குக் காரணம் சொல்லப்பட்டது. அவர் இப்போது வீடு மாறுவதற்கு ஏஜென்ட்டோடு பேசிக்கொண்டிருக்கிறார்.